ஒன்றே முக்காலுக்கு மாற வந்தவன்

ராத்திரி பத்தரை. உப்பலைத் தாண்டி வாரங்கல் போகிற சாலை. கடைசி பஸ் வேணுகோபாலை இறக்கிவிட்டுப் போய்விட்டது... அதன் சிவப்பு விளக்கும் போய்விட்டது. இடுப்பிலிருந்து கிளம்பிய வலி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுகொண்டது.

காலை ஆறு மணியிலிருந்து மல்லாபூரில் ஒரு ஃபவுண்டரியில் இரும்பு ஊற்றிய முதுகு அது. உருகின இரும்போடு வாளியைக் கம்பில் கோத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். மறுமுனை பிடித்தவன் நெட்டை. பாரம் குட்டையானவன் பக்கம்தான் சாயும். வேணுகோபால் குட்டை.

மூடிய டீக்கடைக்குப் பின்னால் போட்டிருந்த சைக்கிளை எடுத்தான். மிதித்தால் முதுகு வலித்தது. இறங்கித் தள்ளினால் கால் வலித்தது. கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் தள்ளி... குன்றுக்கு நாலு கிலோமீட்டர். மண் பாதை. இரண்டு பக்கமும் கருங்கல் பாறை. பகலெல்லாம் வாங்கின வெயிலை ராத்திரியில் அது திருப்பி விடும். மாடு படுத்திருக்கிற கொட்டிலுக்குள் நடக்கிற மாதிரி ஒரு வெக்கை. ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு கிடையாது. விளக்கே இருக்கக் கூடாது என்றுதான் அந்த இடத்தைப் பொறுக்கியிருந்தார்கள்.

இது நம் கேன்டீன் இராமச்சந்திரனின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. எழுபத்து நாலு, மார்ச் மாசம். இராமச்சந்திரன் பொய் சொல்கிற ஆள் இல்லை. டீயில் பால் எவ்வளவு என்று கேட்டால் மட்டும்தான் பொய் சொல்வான். பட்டு, கதவைச் சாத்தாதே, காற்று வரட்டும். கரண்ட் இப்போதைக்கு வராது.

குன்றின் மேல் ஒரு வானாய்வுக்கூடம். பெயர் வேண்டாம். டோம் என்கிற உருண்டைக் கூரை, அதற்குள் நாலடிக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. வேணுகோபால் அங்கே மூன்று வருஷமாகத் தினக்கூலி. வானம் தெளிந்தால் கூலி உண்டு, மேகம் வந்தால் கிடையாது. அதனால்தான் பகலில் ஃபவுண்டரி. மழைக்காலம் வந்தால் ஃபவுண்டரி மட்டும்தான். "ஒரே ஒரு வேலைக்குப் போற ஆம்பளையைக் கட்டியிருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன்" என்பாள் அலமு, அவன் பெண்டாட்டி. வேடிக்கையாகத்தான் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள்.

அவனுக்கு முன்னால் அந்த வேலையில் சின்னசாமி என்று ஒருத்தன் இருந்தான். வேலை நேரத்தில் தூங்கி, ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதற்கு மேல் வேணு யாரையும் கேட்டதில்லை. ஓர் இடம் காலியானது, தனக்குக் கிடைத்தது, அதோடு சரி.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கன்னி ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜகதீசன் சாருக்கு மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அங்கே பெரிய விஞ்ஞானி அவர்தான். தஞ்சாவூர்க்காரர், ஐம்பது வயசு, ஒல்லி, எப்போதும் கான்வாஸ் ஷூ. வெடித்ததிலிருந்து இரண்டு ராத்திரி தொடர்ந்து முயன்று இரண்டும் கெட்டுவிட்டன, ஒன்று காற்றில், ஒன்று மின்சாரத்தில். இது மூன்றாவது ராத்திரி.

"இன்னிக்கு விட்டா போச்சு" என்று அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். "நாளைலேர்ந்து நிலா. நிலா போறதுக்குள்ள அது மங்கிடும். அந்த ரகப் போட்டோ தகடும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இது நன்னா வந்துடுத்துன்னா வேணு, உன் பேரை பெர்மனென்ட்டுக்கு நான் எழுதறேன். சத்தியமா எழுதறேன்."

பெர்மனென்ட். அந்த ஒரு சொல்லைத் தள்ளிக்கொண்டுதான் அவன் அன்று அந்த மண் பாதையில் போனான்.

அடிவாரத்தில் வாட்ச்மேன் யாதகிரி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான். மேலே ஜகதீசன் டோமுக்குள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"சாப்பிட்டியோ?"

"அலமு கட்டிக் குடுத்தா சார். பஸ்ல நின்னுக்கிட்டே தின்னேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இதான் சார் என் மூஞ்சி."

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தை அப்படியே படம் பிடிப்பதில்லை. பிளேடு கனத்துக்கு ஒரு பிளவு இருக்கும். வெளிச்சத்தை அதற்குள் இறக்கி, ஒரு பெட்டிக்குள் ஊதாவிலிருந்து சிவப்பு வரைக்கும் பிரித்து விரித்து, விரல் நீளக் கண்ணாடித் தகட்டில் விழவைக்க வேண்டும். எது எரிகிறது, எவ்வளவு வேகத்தில் சிதறுகிறது எல்லாம் அதில் கோடு கோடாகத் தெரியும். மங்கலான நட்சத்திரம் என்றால் மூன்றரை மணி நேரம் வெளிச்சம் வாங்க வேண்டும். அதுவரை அது பிளவைவிட்டு நகரக் கூடாது. நகரும்... மோட்டார் திணறும், காற்று தள்ளும். அதனால் ஓர் ஆள் ஏணியில் உட்கார்ந்து, குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, கையில் நாலு பொத்தான் பெட்டியோடு காவல் இருக்க வேண்டும். நட்சத்திரம் இந்தப் பக்கம் வழிந்தால் அந்தப் பொத்தான். ஒவ்வோர் அழுத்தலுக்கும் சுவரில் இருக்கிற ரிலே 'டக்' என்று சொல்லும். இதற்குக் கைடிங் என்று பெயர்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை டோமைத் திருப்ப வேண்டும். அதே நேரத்தில் நட்சத்திரத்தைப் பிளவில் ஒரு மயிரிழை மேலே ஏற்ற வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கிற கதைதான்: ஒரு பட்டை, அதை ஒட்டி இன்னொரு பட்டை. தகட்டைக் கழுவினால் பட்டைகள் கீழிருந்து மேலே அடுக்காக நிற்கும். கை நடுங்கியிருந்தால் பட்டையும் நடுங்கியிருக்கும். கண் அசந்திருந்தால் அந்த இடம் வெறும் கண்ணாடி. எவன் எப்போது தூங்கினான் என்று தகடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆள் மாறுவதற்கும் ஒரு முறை உண்டு. பேச்சு கிடையாது, விளக்கு கிடையாது. மாற வருகிறவன் வலப்பக்கமாக ஏறி, உட்கார்ந்திருப்பவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவான். அவன் கை பொத்தான் பெட்டிமேல் வந்த பிறகுதான் இவன் இடப்பக்கமாக நழுவி இறங்க வேண்டும். தோளில் கை விழாமல் எழுந்திருப்பது கிடையாது. மூத்திரம் முட்டினாலும் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு ஜகதீசன் இரும்பு ஆர்க்கைப் பற்றவைத்துப் பார்த்தார். இரண்டு இரும்புக் குச்சிகளுக்கு நடுவே நீலமாக ஒரு பொறி... கறுகின வாசனை. தகட்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இரும்பின் கோடுகளையும் பதிப்பார்கள்.

"இரும்போட கோடு எங்கெங்க விழும்னு நமக்குத் தெரியும். அதை வச்சு இதை அளக்கணும், ஸ்கேல் மாதிரி" என்றார். "நீ மல்லாபூர்ல ஊத்தற இரும்பு இருக்கே, அதுவே என்னிக்கோ இந்த மாதிரி ஒண்ணு வெடிச்சு வந்ததுதான்."

"அப்ப மேலயும் ஃபவுண்டரிதானா? எங்க போனாலும் இது என்னை விடாது போல."

"அது செத்து அஞ்சு கோடி வருஷம் ஆச்சு. வெளிச்சம் இப்பதான் வந்து சேர்றது."

"செத்துப்போனதுக்கா சார் நாம இப்படி முழிச்சிக்கிட்டு இருக்கோம்?"

"உசிரோட இருக்கறவாளுக்காக யாரு முழிச்சிண்டிருக்கா, சொல்லு."

பன்னிரண்டு நாற்பதுக்கு ஷட்டரைத் திறந்தார்கள். வேணு ஏணியில் ஏறி உட்கார்ந்தான்.

"நான் கீழ் ரூம்ல செத்த கண்ணை மூடிக்கறேன்" என்றார் ஜகதீசன். "ஒண்ணே முக்காலுக்கு வந்து மாத்திக்கறேன். அலாரம் வச்சுக்கறேன். அதுவரைக்கும் தாங்குவியோல்லியோ?"

"தாங்குவேன் சார். நீங்க போங்க."

கான்வாஸ் ஷூ படியில் இறங்குகிற சத்தம். கதவு. பிறகு ஒன்றுமில்லை.

இருட்டு. குழாய்க்குள் பிளவு ஒரு கறுப்புக் கீறல், அதன் மேல் பொடியாக அந்த வெளிச்சம்... நடுங்கிக்கொண்டே. டக். கொஞ்ச நேரம். டக் டக். மோட்டார் எலி முனகுகிற மாதிரி ஓடியது. நட்சத்திரம் மேற்கே சாயச் சாயக் கண் வைக்கிற குழாய் உயரும். ஆளும் படி படியாக மேலே போக வேண்டும். இரண்டு படி ஏறினான். டோமை இரண்டு தடவை திருப்பினான். இரண்டாம் தடவை சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பக் கண்ணை வைத்தபோது எந்தப் பொட்டு நட்சத்திரம், எது கண்ணுக்குள் நீந்துகிற பூச்சி என்று தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்பாக வந்தது. தலை முன்னால் சாய்ந்து நெற்றி குழாயில் இடித்தது. நட்சத்திரம் பிளவைவிட்டு வெளியே போயிருந்தது... பிடித்து உள்ளே போட்டான். டக் டக் டக். இன்னொரு தடவை இடித்தது. அலமு எதிரே நின்று எதையோ கேட்கிற மாதிரி இருந்தது. தான் கனவுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

அப்போது வலது தோளில் தட்டு. ஒன்று... இரண்டு.

அந்தக் கை பொத்தான் பெட்டிமேல் வந்தது. வேணு விரல்களை உருவிக்கொண்டான். உருவும்போது அந்த உள்ளங்கை இவன் புறங்கையை உரசியது. உப்புத்தாள் தேய்த்த மாதிரி சுரசுரவென்று இருந்தது. விளக்கெண்ணெய் வாசனை வந்தது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இடப்பக்கமாக நழுவி இறங்கினான். சுவரில் இருந்த பச்சை முள் கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்றே முக்கால். மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. ஏணிக்கு அடியில் கிடந்த சாக்கில் விழுந்தான். விழுந்ததுதான் தெரியும்.

தகட்டு நேரம் முடிந்ததென்று பஸ்ஸர் அடித்தது. நாலு பத்து.

வேணு துள்ளி எழுந்தான். முதலில் வந்தது வெட்கம்தான். ஒரு மணி நேரத்தில் எழுப்பியிருக்க வேண்டும், பெரிய மனுஷன், எழுப்பாமல் தானே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாரே என்று. மேலே பார்த்தான். ஏணியின் மேல்படிப் பக்கம் ஓர் உருவம், குனிந்து, கண்ணைக் குழாயில் வைத்தபடி. டக். டக்... நிதானமாக. அவசரமே இல்லாமல்.

"சார், நேரம் ஆயிடிச்சி. நான் மூடுறேன்."

சுவரில் இருந்த சுவிட்சால் ஷட்டரை மூடினான். வழக்கப்படி இரும்பு ஆர்க்கைப் போட்டு இருபது எண்ணினான். பெட்டியின் இடுக்கு வழியாக நீல வெளிச்சம் ஒரு கீற்று ஏணிமேல் விழுந்தது. அதில் இரண்டு பாதம் தெரிந்தது. வெறும் பாதம். குதிகால் வெடித்து, வெடிப்பில் அழுக்கு கறுத்துப்போய். பெருவிரலால் படியைக் கவ்வியிருந்தது.

பதினெட்டு... பத்தொன்பது... இருபது. அணைத்தான். ஷூவைக் கழற்றிவிட்டார் போல, கால் வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தூக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். ஸ்டூலில் ஏறிப் பெட்டியின் அடியிலிருந்து தகட்டுச் சட்டத்தை உருவினான்.

"நான் கழுவ எடுத்துக்கிட்டுப் போறேன். நீங்க மெதுவா இறங்கி வாங்க சார்."

டக் என்றது ரிலே. நட்சத்திரம் பார்த்து முடிந்துவிட்டது, ஷட்டர் மூடியாகிவிட்டது. டக்.

கீழே போனான். இருட்டறைக்குப் பக்கத்தில்தான் ஓய்வறை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேணு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் நின்றிருப்பான். பிறகு தட்டினான். இன்னும் தட்டினான். கட்டில் கிறீச்சிட்டது... தாழ்ப்பாள்... கதவைத் திறந்தவர் ஜகதீசன். வேட்டி அவிழ்ந்து, கன்னத்தில் பாய் பதிந்த தடம்.

"மணி என்னடா?"

"நாலே கால் சார்."

அவர் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. "அலாரம் கேக்கலையேடா. மாத்த வரலையே நான். அத்தனை நேரம் நீயேவா உட்கார்ந்திருந்தே?"

வேணு கையிலிருந்த சட்டத்தை நீட்டினான்.

"சொல்லு. நீதானே உட்கார்ந்திருந்தே?"

"நான் ஒண்ணே முக்காலுக்கு இறங்கிட்டேன் சார். நீங்க வந்து தட்டினீங்க."

ஜகதீசன் முதலில் நினைத்தது பேயை இல்லை, தகட்டை. "போச்சு. ரெண்டரை மணி நேரம் ஆளே இல்லாம... நட்சத்திரம் எங்க போயிருக்குமோ. எல்லாம் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருட்டறைக்குள் போனார். வேணு பின்னால் போனான். பெர்மனென்ட்டும் போச்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் மருந்து சளக் சளக்கென்று ஆடியது. புளித்த வாசனை, அப்புறம் ஹைப்போ வாசனை. தண்ணீர். விளக்கு.

ஜகதீசன் தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து லென்ஸை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"பாரு" என்றார், கடைசியில்.

வேணு பார்த்தான். அடியில் மூன்று பட்டை அவனுடையது. கோணலும் மாணலுமாக; மூன்றாவது இரண்டு இடத்தில் அறுந்திருந்தது, நெற்றி இடித்த இடங்கள். அதற்கு மேலே ஏழு பட்டை. ஒன்றுபோல. கோடு போட்டு வரைந்த மாதிரி. ஓரிடத்தில்கூட நடுக்கம் இல்லை. வெடித்த நட்சத்திரத்தின் அகலக் கோடுகள் அத்தனையும் அந்த ஏழில் கறுப்பும் வெளுப்புமாக நின்றன.

"இந்த மாதிரி இழுக்கறவன் ஒருத்தன்தான் இங்க இருந்தான்" என்றார் ஜகதீசன். அதற்குமேல் பெயர் சொல்லவில்லை.

இரண்டு பேருமாக டோமுக்குப் போனார்கள். விளக்கைப் போட்டார்கள். ஏணியில் யாரும் இல்லை. கண் வைக்கிற குழாயின் ரப்பரில் விரல் வைத்தால் வழுக்கியது, எண்ணெய். பொத்தான் பெட்டி கொக்கியில் மாட்டியிருக்கவில்லை. மேல்படியில், உட்காருகிற பலகையின் வலது ஓரமாக வைத்திருந்தது. பாதி வேலையில் இருக்கிறவன், கையைக் கொஞ்சம் உதறிக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கிற மாதிரி.

ஜகதீசன் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். கைடிங் செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

"பூரா உன் பேரையே போட்டுடறேன்."

"நான் தூங்கிட்டேன் சார்."

"தூங்கினேன்னு எழுதினா பெர்மனென்ட் கிடையாது. யாரும் இல்லைன்னு எழுதினா இந்தத் தகட்டை உலகத்துல ஒருத்தன் நம்ப மாட்டான். வேற என்னடா எழுதச் சொல்றே?"

வேணு முதுகைத் தடவிக்கொண்டான். அலமுவை நினைத்தான். மல்லாபூர் வாளியை நினைத்தான். "போடுங்க சார்" என்றான்.

பன்னிரண்டு நாற்பது முதல் நாலு பத்து வரை, வேணுகோபால். அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்றும் இருக்கும்.

விடிந்ததும் அடிவாரத்தில் யாதகிரி டீ கொடுத்தான். வேணு கேட்டான், ராத்திரி மேலே யாராவது வந்தார்களா என்று.

"எவ்வரு எக்கலே வேணு. நேனு ஈடனே உன்ன." ஒருத்தரும் ஏறவில்லை, நான் இங்கேயேதான் இருந்தேன் என்றான். டோம் சுற்றுகிற சத்தம் மட்டும் நாலு மணிவரை சரியாக வந்துகொண்டிருந்ததாம். அதனால்தான் நிம்மதியாகப் படுத்திருந்தானாம். அப்புறம் வேணுவின் முகத்தைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"எண்ணெய் வாசனை வந்ததா?" என்று தெலுங்கில் கேட்டான்.

சின்னசாமி கண் எரியாமல் இருக்க இமையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வான், செருப்புப் போட மாட்டான் என்று யாதகிரிதான் சொன்னான். தர்மபுரிப் பக்கத்து ஆள், கல் உடைத்துக்கொண்டிருந்தவன். இந்தக் குன்றைச் சமப்படுத்த வந்தவன் அப்படியே இங்கே தங்கிவிட்டான். எட்டு வருஷம் தினக்கூலி. அவனும் ஒரு மார்ச் மாசத்தில்தான்... ஒன்றே முக்காலுக்கு வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜகதீசன் சார் கீழே போய்ப் படுத்தார். வரவில்லை. தோளில் கை விழாமல் எழுந்திருக்கக் கூடாது; அவன் எழுந்திருக்கவில்லை. ஆறு மணி நேரம். தகடு முடிகிறவரை உட்கார்ந்திருந்து, முடித்துவிட்டு, மேல்படியிலிருந்து காலை எடுத்து வைத்தான். கால் மரத்துப்போயிருந்தது. கீழே சிமென்ட் தரை.

"அவன் தூங்கல" என்றான் யாதகிரி, தனக்குத் தெரிந்த தமிழில். "தகடு பாத்தா தெர்யும். முழுக்க நல்லா இருந்திச்சி. சார்க்கும் தெர்யும். ஆனா புக்ல தூங்கினான்னு எழுதினாங்க. அவன் பொண்டாட்டி பகவதியம்மா அந்தக் கேட்டுகிட்ட ரெண்டு நாளு உக்காந்திருந்திச்சி. நக்கோ வேணு, இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லாத."

ஜூனில் உத்தரவு வந்தது. வேணு ஃபவுண்டரியைவிட்டான். அலமு பாயசம் வைத்தாள். பகலில் தூங்கினான், அவன் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாளாம், ஏதோ வாங்கி வந்த பொருளைப் பார்க்கிற மாதிரி.

ஜூலையில் மழை பிடித்தது. டோம் சாத்தியிருந்தது. பெர்மனென்ட் ஆள் என்பதால் மேகம் இருந்தாலும் ராத்திரி அங்கே இருக்க வேண்டும். ஜகதீசன் ஓய்வறையில் படுத்திருந்தார். வேணு இருட்டறை வாசலில் ஒரு பெஞ்சில் படுத்திருந்தான். தூறல் தகரத்தில் விழுகிற சத்தம். அதற்கு ஊடே...

டக்.

எழுந்து உட்கார்ந்தான். டக் டக்... கொஞ்சம் நின்று, டக். எதையோ பார்த்துப் பார்த்து அழுத்துகிற அழுத்தல். வெளியே மழை. வானத்தில் ஒரு பொட்டு இல்லை. வேணு படியேறினான். ஏன் ஏறினான் என்று இராமச்சந்திரன் கேட்டதற்கு, "ஏறாம எப்பிடிடா இருக்கிறது? எடத்துல ஆள் இருக்கானே" என்றாராம்.

டோமுக்குள் விளக்கெண்ணெய் வாசனை. இருட்டில் ஏணியின் மேல்படியில் அந்த முதுகு தெரிந்தது. அன்றைக்கு எப்படிக் குனிந்திருந்ததோ அப்படியே. அப்போதுதான் வேணுவுக்கு உறைத்தது. அன்று அவன் ஷட்டரை மூடினான், தகட்டை எடுத்தான், இறங்கி வாங்க என்று வாயால் சொன்னான். தோளில் தட்டவில்லை. மார்ச்சிலிருந்து அந்த ஆளை யாரும் மாற்றவில்லை.

வலப்பக்கமாக ஏறினான். நாலு படி. கையை நீட்டினான். தோளுக்கும் கைக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்திருக்கும். சட்டைத் துணியின் ஈரக் குளிர் விரலுக்குத் தெரிந்தது.

"மணி என்னாச்சிண்ணா?"

திரும்பிப் பார்க்காமல் கேட்ட குரல். களைத்த குரல், அவ்வளவுதான். பயமுறுத்துகிற குரலாக இருந்திருந்தால் பரவாயில்லை என்பார் வேணு.

பச்சை முள்ளைப் பார்த்தான். "ஒண்ணே முக்கால்" என்றான்.

"இன்னும் ஒண்ணே முக்கால்தானா" என்றது. டக் என்று ஒரு பொத்தானை அழுத்தியது.

தட்டினால் உட்கார வேண்டும். அதுதான் முறை. உட்கார்ந்தால், தன் தோளில் கை வைக்க யார் வருவார்கள்? கீழே ஜகதீசனின் குறட்டை படி வழியாகக் கேட்டது. வேணுவின் கை அந்தரத்தில் நின்றது. எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு கையை எடுத்துக்கொண்டான். சத்தம் வராமல் நாலு படி இறங்கினான். பின்னால் எதுவும் கேட்கவில்லை, பொத்தான் சத்தத்தைத் தவிர.

மறுநாளே கெஞ்சிக் கூத்தாடிப் பகல் வேலைக்கு, வொர்க் ஷாப்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. உப்பலில் சொந்த வீடு, மொட்டை மாடி. கோடையில் மற்றவர்கள் மாடியில் படுப்பார்கள், அவர் மட்டும் உள்ளே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அங்கே டோமில் மூன்று ஆள் மாறிவிட்டார்கள், ஒருத்தரும் நிலைக்கவில்லை. ஜகதீசனுக்கு அந்தத் தகட்டால் பெரிய பேர் வந்தது, டெல்லிக்குப் போனார், போன வருஷம் தூக்கத்தில் செத்தார்.

பகவதி இருக்கிற இடம் வேணுகோபாலுக்குத் தெரியும், போனதில்லை. சின்னசாமிக்கு அவர் இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.